80 கிராம் ஆசை

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் நண்பன், டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதி அறுத்துப் போட்டுவிட்டுத்தான் மலைக்குக் கிளம்புவான். சிரிக்காதீர்கள். இப்படி கிராம் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அங்கே அல்ட்ராலைட் கோஷ்டி என்று பெயர். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக, முதுகு மூட்டை நாலரை கிலோவுக்குள் அடங்க வேண்டும். கூடாரம், படுக்கை உள்பட!

இவர்களுக்குக் குலதெய்வம் எம்மா கேட்வுட் பாட்டி. 1955-ல், 67 வயதில், அப்பலேச்சியன் டிரெயில் முழுவதையும், அதாவது 3,200 கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தவர். கூடாரம் கிடையாது. தானே தைத்த துணிப்பை, காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. அவ்வளவுதான்.

இந்தப் பரம்பரையில் வந்த நண்பன், தூண்டிலை மட்டும் விடமாட்டேன் என்கிறான். ஃப்ளை ஃபிஷிங். இதில் புழு கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிதான். பூச்சிக்கு எடையே இல்லை என்பதால், அதைத் தூக்கிப் போகத் தடித்த லைன். லைனைச் சுற்ற ரீல். கம்பு உடையாமல் இருக்க ஒரு குழாய். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டிவிடும். டூத் பிரஷ்ஷில் மிச்சம் பிடித்ததெல்லாம் போயே போச்சு.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே மலை ஓடைகளில் மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் முறைக்கு டென்காரா என்று பெயர். ரீல் இல்லை. கம்பின் நுனியிலேயே கயிற்றைக் கட்டிவிடுவார்கள். நம்மூர்க் குளத்தங்கரைப் பையன் கையில் இருப்பதும் இதே தத்துவம்தான். அன்று மூங்கில், இன்று கார்பன் ஃபைபர். ரேடியோ ஆன்டெனா மாதிரி, 12 அடிக் கம்பு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒன்றேமுக்கால் அடியாகிவிடும். எடை 80 கிராம் சுமார். 2009-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும், முதுகுப்பைக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

'மீன் கிடைத்தால் சாப்பாட்டு மூட்டை குறையுமே?' என்று என் பி.காம். மூளை கேட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன ட்ரவுட் மீன், சுத்தம் செய்தபின் 100 கிராம் தேறினால் 150 கலோரி. மலையில் நாள் முழுக்க நடப்பவனுக்கு வேண்டியது 3,000-க்கு மேல். சுத்த நஷ்டம்.

"அப்புறம் எதுக்குடா?" என்றேன்.

"ஒம்பது மணி நேரம் நடந்தப்புறம், ஏரிக்கரையில உக்காந்து செய்ய ஒரு வேலை வேணாமா?" என்றான். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. உங்கள் பெட்டியிலும் கணக்குக்கு அடங்காமல் இப்படி ஏதாவது ஒன்று இருக்குமே!

ஆனால், விஷயம் இங்கே முடியவில்லை. சியரா நெவாடாவின் உயரமான ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீனே கிடையாது. 19-ம் நூற்றாண்டிலிருந்து மனிதன்தான், கோவேறு கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் விட்டான். பிறகு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். வந்த மீன்கள் தலைப்பிரட்டைகளைத் தின்றன. போதாததற்குப் பூஞ்சை நோய் வேறு. மஞ்சள் கால் மலைத்தவளைகள் மளமளவென்று குறைந்து, 2014-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏறின. செக்வோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் 2001 முதல் சில ஏரிகளிலிருந்து மீன்களை எடுத்துவிட்டார்கள். அங்கெல்லாம் தவளைகள் திரும்பப் பெருகின.

பிடித்த மீனைத் தண்ணீரில் திரும்ப விடுவதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய மனுஷத்தனம். நண்பனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். தவளைக் கதை தெரிந்தபிறகு, சட்டம் அனுமதிக்கிற ஏரிகளில் மட்டும், பிடித்ததைச் சுட்டுத் தின்றுவிடுகிறானாம். ஒருவன் தின்று ஏரி காலியாகிவிடாதுதான். இருந்தாலும் அவனுக்கு 150 கலோரி, தவளைக்குக் கொஞ்சம் ஆயுசு.