கையில் ஐந்து விக்கெட், கணக்கில் தோல்வி

உத்திரமேரூர் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் நாங்கள். அறுவடை முடிந்த கழனியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள், மஞ்சள் சட்டைக்காரர்கள். "சாதி ஒழிப்பு பேசிட்டு ஐபிஎல் பாக்குறீங்களா தோழர்?" என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கிறோம். கேள்வி கேட்டுக்கொண்டே பார்க்கிறோம்.

2025 ஏப்ரல் 5, சேப்பாக்கம். டெல்லி 183 ரன் எடுத்தது. 20 ஓவர் முடிவில் சென்னை 158. விழுந்த விக்கெட் ஐந்துதான். விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இருவரும் கடைசிவரை அவுட் ஆகவில்லை. 25 ரன்னில் தோற்றுவிட்டு மிச்சமிருக்கும் ஐந்து விக்கெட்டை வைத்து என்ன செய்வது? அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப் போக முடியுமா?

அந்த இருவரை மட்டும் திட்டிப் பயனில்லை. விக்கெட்டைக் காப்பாற்று, கடைசி ஐந்து ஓவரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அணியின் பழைய பாடம். ஒரு காலத்தில் அது பலித்தது. 2023இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பேட்டர் கூடுதலாகக் கிடைக்க, விக்கெட்டின் விலை இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டே ஐதராபாத் ஓர் இன்னிங்சில் 287 அடித்தது. நம் ஆட்கள் இன்னும் பழைய விலைக்கே காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டீபன் பிளெமிங் 2009 முதல் பயிற்சியாளர். அவர் காலத்தில் ஐந்து கோப்பை. அந்த மரியாதை எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் மார்ச் 28 அன்று பெங்களூரு, 2008க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் நம்மை வீழ்த்தியது. 50 ரன் வித்தியாசம். அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாக தோனி இறங்கினார். உங்கள் ஆட்டமுறை பழசாகிவிட்டதா என்று செய்தியாளர் கேட்டபோது பிளெமிங் எரிச்சலடைந்தார். அதிரடி ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே, கேள்வியே புரியவில்லை என்றார்.

எங்களுக்குப் புரிந்தது. அதைச் சத்தமாகச் சொன்னபோதுதான் வேடிக்கை. "நீயெல்லாம் உண்மையான ரசிகனா? அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று எங்கள் கூட்டாளிகளே பாய்ந்தார்கள். பெரியவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற இந்தக் குரலை எங்கள் தாத்தாக்கள் ஆண்டைகளின் களத்துமேட்டில் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட்டையும் அதையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் வாயை மூடும் பழக்கம் களத்துமேட்டில் தொடங்கி கேலரி வரை வந்துவிடுகிறது.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இருந்தவன் பெயர்தான் குடத்துக்குள் போனது. எங்கள் பாட்டனுக்கு ஓலை கிடையாது. அந்தத் தொட்டிலில் எங்களுக்குப் பங்கில்லை. ஆனாலும் அங்கே ஒரு விதி உண்டு: வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு கழிந்த பிறகே மீண்டும் வரலாம். தங்களுக்குள் மட்டுமே அதிகாரத்தைப் பங்கிட்டவர்களுக்குக்கூட, ஒரே ஆள் ஒட்டிக்கொள்வது ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. எங்களை வெளியே நிறுத்திய சுவரிலிருந்து அந்த ஒன்றை மட்டும் கழற்றிக்கொள்கிறோம்.

ஏப்ரல் 11 அன்று சென்னை 103 ரன்னில் முடங்கியது. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டது. பிறகுதான் இளைஞர்கள் வந்தார்கள். வந்த வழியைப் பாருங்கள். ருதுராஜின் முழங்கையில் அடிபட்டதால் 17 வயது ஆயுஷ் மாத்ரே. குர்ஜப்னீத் காயத்தால் பிரெவிஸ். வன்ஷ் பேடி காயத்தால் உர்வில் படேல். மூன்று பேருக்கும் கதவைத் திறந்தது அடுத்தவர் காயம்தான். மாத்ரே பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தார். மே 25, கடைசி ஆட்டம், அகமதாபாத்: சென்னை 230, வெற்றி 83 ரன்னில். பிரெவிஸ் 23 பந்தில் 57. அப்போதும் அட்டவணையில் பத்தாவது இடம், அணி வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி.

அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கொண்டாட்டம். நடுவில் ஒரு தம்பி கேட்டான்: "ருதுராஜ் கை நல்லா இருந்திருந்தா மாத்ரே எங்கண்ணே இருந்திருப்பான்?" எங்களில் யாரும் பதில் போடவில்லை.