இடித்த வீட்டு மரம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதிருக்கையில் குறைஷியர் கஅபாவை இடித்துக் கட்ட முனைந்த வரலாற்றை நம்மவர் அனைவரும் அறிவர். ஹஜருல் அஸ்வத் கல்லை எடுத்து வைப்பது யார் என்று எழுந்த பூசலும், நாயகம் அவர்கள் ஒரு விரிப்பைக் கொண்டு அதைத் தீர்த்து வைத்த நயமும் மேடைதோறும் பேசப்படுகின்றன. ஆனால் அந்தக் கட்டடத்தின் கூரைக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று பேசுவார் அரியர். பாலை சூழ்ந்த மக்காவில் கட்டட மரத்துக்கு எங்கே போவது? ரோமானிய வணிகர் ஒருவரின் கப்பல் ஜித்தா பக்கத்துக் கரையில் உடைந்து ஒதுங்கியிருந்தது. அதன் பலகைகளே கூரையாயின. மக்காவில் இருந்த கிப்தி இனத் தச்சர் ஒருவர் அவ்வேலைக்குத் துணை நின்றார் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. வட்டியிலும், பிறரை வருத்திப் பெற்றதிலும் வந்த பொருள் இப்பணியில் சேரலாகாது என்று குறைஷியர் தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டனர். தூய பணம் போதவில்லை. ஆகவே ஹிஜ்ர் எனப்படும் பகுதியை வெளியே விட்டுக் கட்டடத்தைச் சுருக்கினர். உடைந்த கப்பலின் மரத்தை ஏற்றுக்கொண்ட அம்மக்கள் அழுக்குப் படிந்த காசை ஏற்கவில்லை. அறியாமைக் காலத்து மக்கள் செய்த காரியம் இது! பழைய மரத்தைக் கொண்டு வீட்டுச் சாமான் செய்து பார்க்கும் ஆசை இப்போது பல குடும்பங்களில் வளர்ந்திருப்பதால், நம் வீட்டில் நடந்ததைச் சொல்லுமுன் இதை நினைவூட்ட விரும்பினோம்.

பூதலூர் ரயிலடிக்கு நடந்து செல்லும் தொலைவில் நம் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு இருந்தது. ரங்கூனில் கடை வைத்துப் பொருளீட்டியவர் அவர். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஊர் திரும்பி இந்த வீட்டை எழுப்பினார். முன்வாசல் நிலை, கதவு, முற்றத்துத் தூண்கள், உத்திரங்கள் யாவும் பர்மாத் தேக்கு. உள்ளறை நிலைகள் வேம்பு. கைமரங்கள் மட்டும் உள்ளூர்ப் பனங்கை. கையில் இருந்த காசுக்குத் தக்கபடி, பிறர் கண்ணில் படும் இடத்தில் தேக்கும், படாத இடத்தில் பனையும் வைப்பது அக்காலக் குடும்பத் தலைவர்களின் கணக்கு. அதில் நாம் குறை காணவில்லை. எண்பது ஆண்டுகள் ஓட்டின் பாரத்தைத் தாங்கியது அந்தப் பனைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. மேற்கே இருக்கும் நம் ஊருக்கு வந்தது அதன் வால்தான். ஆயினும் ஏற்கனவே தளர்ந்திருந்த கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மறு ஆண்டு கோடையில், வீட்டை இறக்கிவிடுவது என்று உடன்பிறந்தார் ஐவரும் கூடி முடிவு செய்தோம்.

இறக்கும் செய்தி பரவிய மறுநாளே பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்துவிட்டார். செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய் அங்கிருந்து பெருநகரங்களுக்கு ஏறுவதை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வகை வாணிபத்தில் பழகியவர் அவர். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தூணை நகத்தால் கீறிப் பார்த்தார். மொத்த மரத்துக்கும் குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னார். தம்பிக்கு அது பெருந்தொகையாகத் தோன்றியது. நம் பிள்ளைகளுக்கோ, மரத்தை விற்காமல் தாமே அறுத்து இழைத்து மேசையும் பலகையும் செய்ய வேண்டும் என்று ஆசை. இரு தரப்பும் வழக்காடிக்கொண்டிருக்க, மரம் யாருடையது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

பாட்டனாருக்கு நம் தந்தையார் ஒரே பிள்ளை. தந்தையாரும் தாயாரும் இறையடி சேர்ந்த பின் வாரிசுகள் ஆண் இருவர், பெண் மூவர். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று ஏழு பாகம். மனையைப் பிரிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்வோர்கூட, மனைமேல் நிற்கும் உத்திரத்துக்கும் கதவுக்கும் அதைப் பொருத்துவதில்லை. “பழைய கட்டைதானே” என்று ஆண்மக்கள் எடுத்துக்கொள்வதும், பெண்மக்கள் நாணி வாய் திறவாதிருப்பதும் நம் சமுதாயத்தில் வழக்கமாகிவிட்டன.

மூத்த தமக்கையார் கைம்பெண். அவரிடம் பேச்சை எடுத்தபோது, “எனக்கு எதுக்குத் தம்பி இந்தக் கட்டையெல்லாம்? நீங்களே வச்சுக்குங்க” என்றார். “அக்கா, முதல்ல அளந்து சொல்றோம். எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்க” என்றோம். இது நாவன்மைக்காகச் சொன்னதன்று. பிரிக்கக்கூடிய பொதுப் பொருளில் தன் பங்கை, பிரிக்கப்படுமுன் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தால் அது செல்லாது என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். பிரித்து, அளந்து, அவர் கைக்கு ஒப்படைத்த பின்னரே அவர் கொடுத்தால் அது கொடை. மரம் பிரிக்கக்கூடிய பொருள் அல்லவா?

எனவே ஒவ்வொரு மரமாக இறக்கித் தென்னந்தடுக்கு விரித்து அடுக்கினோம். அளவு முறை எளிது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 12 அடி நீளம், 8 அங்குல அகலம், 6 அங்குலக் கனம் உள்ள உத்திரம் ஒன்று 4 கன அடி. தேக்கு மட்டும் 84 கன அடி வந்தது. பாகத்துக்கு 12. வேம்பையும் பனங்கையையும் தனியாக விலை மதித்தோம். கன அடி விலையை இரண்டு மரவாடிகளில் விசாரித்துக் கூட்டிப் பார்த்தபோது, வியாபாரி சொன்ன தொகை தேக்கின் பாதிக்குக்கூட ஈடாகவில்லை. அவரை நாம் குறை சொல்லமாட்டோம். விற்பவன் அளக்காத பொருளை வாங்குபவன் ஏன் அளக்க வேண்டும்?

அளவு தெரிந்ததும் நடந்தவை நாம் எதிர்பாராதவை. பட்டுக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட இரண்டாவது தமக்கையார் புயலில் தோப்பையும் வீட்டுக் கூரையையும் ஒருசேர இழந்தவர். வாய் திறந்து எதுவும் கேட்டறியாத அவர், “என் பாகத்தை மரமாவே தர முடியுமா தம்பி?” என்று கேட்டார். 12 கன அடித் தேக்கு லாரியேறிப் போய் இன்று அவர் வீட்டுக் கூரையைத் தாங்குகிறது. இதை அளக்காமல் விற்றிருந்தால் அவரும் நாணத்தால் “வேண்டாம்” என்றே சொல்லியிருப்பார். தங்கை தன் பங்குக்குப் பணம் பெற்றுக்கொண்டாள். தம்பி ஊஞ்சல் பலகையை வைத்துக்கொண்டு மீதியை அதே வியாபாரிக்கு, இம்முறை கன அடிக் கணக்கில் விற்றான். மூத்தவர் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

நம் பங்கு 24 கன அடி நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் மருமகனும் வந்து சேர்ந்தான். ஊர் ஆசாரி ஒருவர் நான்கு மாலைகள் வந்து இழைப்புளி பிடிக்கவும் உளியைச் சாணைக்கல்லில் தீட்டவும் கற்றுக் கொடுத்தார். முதற்பாடம் ஆணி பிடுங்குவது. பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருந்தால் அறுவை மில்லில் நாடா ரம்பம் அறுந்து போகும். அதற்கு அஞ்சிப் பல மில்காரர் இடித்த வீட்டு மரத்தைத் தொடுவதே இல்லை. பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிள்ளைகள் மரத்தின்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் கருத்திருப்பதும் ஓர் அடையாளம். இரண்டாம் பாடம் வெளிறையும் வைரத்தையும் பிரித்தறிவது. வெளிறில் உளுப் புகும். எண்பது ஆண்டுகளில் புகுந்தும் இருந்தது. வைரத்தில் அது பல் பதிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் காய்ந்த மரம் இனி முறுக்காது, பிளக்காது என்பதுதான் பழைய மரத்தின் பெருஞ்சிறப்பு.

கதவிலும் நிலையிலும் பச்சை வண்ணம் பூச்சுமேல் பூச்சாக ஏறியிருந்தது. குழந்தைகள் உள்ள வீட்டார் இதில் கவனமாக இருக்க வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வண்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாளால் உலர்த் தேய்ப்புத் தேய்த்தால் அந்தத் தூள் பிள்ளைகளின் மூச்சில் போகும். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்தினோம். சிறுவர்களை அந்த நாட்களில் முற்றத்துக்கே விடவில்லை. பனங்கைக்கு வேறு எச்சரிக்கை. பனஞ்சிராய் விரலில் ஏறினால் எளிதில் வராது. அதனால் பனையில் பிள்ளைகள் செய்தது ஒரே ஒரு வாசல் பெஞ்சு. கண்ணாடிபோல் வழவழக்க இழைத்து, எண்ணெய் பூசிய பிறகே யாரும் அதில் அமர அனுமதித்தோம்.

நிலைச் சட்டத்தை மில்லில் ஓர் அங்குலப் பலகைகளாக அறுத்து வாங்கி, குர்ஆன் ஓதும் ரைஹால்கள் செய்ய முற்பட்டான் மருமகன். ரைஹாலின் நுட்பத்தை நாம் நாள்தோறும் கையாண்டும் கவனிப்பதில்லை. அதில் ஆணியும் இல்லை, கீலும் இல்லை. இரண்டு பலகைகளைச் சேர்த்ததும் அல்ல, ஒரே பலகை. நடுவில் விரல்கள் கோத்ததுபோல் பற்களை இருபுறமும் உளியால் சரிவாகக் கொத்தி, பின் பலகையின் கனத்தை இரண்டாக வகிர்ந்து இரு முனையிலிருந்தும் அப்பற்கள்வரை வாளை ஓட்ட வேண்டும். எல்லாம் சரியாக அமைந்திருந்தால் மெல்ல விரிக்கையில் கத்தரிக்கோல்போல் திறந்துகொள்ளும். ஒரு நூலிழை பிசகினால் பல் ஒடிந்துபோகும். மருமகன் கையில் முதல் இரண்டும் ஒடிந்தன. மூன்றாவது திறந்துகொண்டபோது வீட்டுப் பெண்கள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்த்தார்கள். அன்று மாலை அதில் முஸ்ஹபை வைத்து ஓதினாள் நம் பேத்தி. எட்டுச் செய்தான், ஐந்து உடன்பிறந்தார் வீட்டுக்கும் ஒவ்வொன்று போக, மூன்றை மக்தபுக்குக் கொடுத்தோம்.

ஒடிந்த இரண்டும் வீணாகவில்லை. ஒன்று சப்பாத்திக் கட்டைக்குத் தாங்கலாயிற்று. மற்றது எங்கே போயிற்றென்று வீட்டம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைகளின் உற்சாகம் பெருகி, கல்லணைக் கால்வாய்க் கரையில் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த பூவரசு ஒன்றையும் எடுத்து வரலாமா என்று கேட்டார்கள். 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட அந்தக் கால்வாயின் கரை அரசுடையது. கரைமேல் விழுந்த மரமும் அரசுடையது. ஏலம் போட்டால் எடுங்கள் என்று நிறுத்திவிட்டோம். பள்ளிவாசல் திருப்பணியில் கழித்த ஜன்னல் சட்டங்களைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. வக்பு கட்டடத்தின் இடிபாடு அக்கட்டடத்துக்கே பயன்பட வேண்டும். இயலாவிடில் விற்று அதன் கிரயத்தைப் பராமரிப்புக்குச் செலவிட வேண்டும் என்று ஹிதாயா கூறுகிறது. ‘பரக்கத்துக்காக’ ஆளுக்கொரு துண்டு எடுத்துச் செல்வதற்கு அதில் இடமில்லை.

மூத்த தமக்கையார் தம் முடிவைச் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. முன்வாசல் கதவு தமக்கு வேண்டும் என்றார். கன அடிக் கணக்கில் அது அவர் பாகத்துக்குள் அடங்கியது. மீதியைப் பணமாகக் கொடுத்தோம். கதவை வாங்கிக்கொண்டபின் மெல்லச் சொன்னார்: “இதுல ரெண்டு பலகையை எடுத்து வச்சிருங்க தம்பி. நாளைக்கு என் கபருக்கு ஆகும். அத்தா கை பட்ட கதவு.”

நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பிறகு ஓதியதைச் சொன்னோம். சுட்ட செங்கலும் மரமும் கட்டடத்தை உறுதிப்படுத்துவதற்கானவை, கபரோ மக்கிப் போகும் இடம் என்று ஹிதாயா ஆசிரியர் அவற்றை விரும்பவில்லை. மண் இளகிய ஊர்களில் பலகை இடலாம் என்று அறிஞர்கள் இடமளித்துள்ளனர். நம் காவிரிப் படுகை மண்ணுக்கு அந்தச் சலுகை பொருந்தும். ஆனால் அதற்குப் பர்மாத் தேக்கு வேண்டியதில்லை, பனை போதும்.

“சரி, அப்ப நாலு பனங்கையும் என் பேர்ல எழுதுங்க” என்றார் அவர்.

எழுதினோம். நான்கு துண்டுகளும் அளவாக அறுக்கப்பட்டு அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கதவின் இரு பலகைகளுக்கும் பிள்ளைகள் கால் பூட்டிக் கட்டிலாக்கிக் கொடுத்தார்கள். கோடையில் அவர் வீட்டு முற்றத்தில் அதன்மேல்தான் மிளகாய் காய்கிறது.