பருந்துகள் கடக்கும் வாசல்

மருத்துவம் படிக்கப் போகும் மாணவர்களின் புண்ணியத்தில் ஜார்ஜியா இன்று இந்தியர்களுக்கு அந்நியமான பெயரில்லை. ஆனால் அந்நாட்டின் கருங்கடல் துறைமுகமான பட்டூமிக்கு ஆகஸ்ட் பிற்பகுதியில் வந்திறங்கும் ஒரு கூட்டம் கடற்கரைப் பக்கமே திரும்புவதில்லை. நகருக்கு வடக்கே உள்ள சகல்வாஷோ கிராமத்துக் குன்றில் ஏறி, நாளெல்லாம் அண்ணாந்து பார்ப்பதுதான் இவர்கள் வேலை. எண்ணுவது பருந்துகளை.

ரஷ்யக் காடுகளில் கோடையைக் கழித்த இரைகொல்லிப் பறவைகள் குளிருக்கு முன் தெற்கே கிளம்புகின்றன. பலவற்றின் இலக்கு ஆப்பிரிக்கா. அகன்ற சிறகுள்ள இவை, வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சறுக்கியே தூரத்தைக் கடப்பவை. கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது. மறுபக்கம் மேகம் கவிந்த மலைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகலான நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் அதிகமாக!

2008ல் இங்கே முறையான கணக்கெடுப்பு தொடங்கியது. சகல்வாஷோவில் ஒரு நிலையம், உள்ளே தள்ளி ஷுவாம்தாவில் இன்னொன்று. பல நாட்டுத் தன்னார்வலர்கள் கையில் எண்ணும் கருவியுடன் நிற்கிறார்கள். வானத்தில் கற்பனையாக ஒரு கோடு. அதைத் தாண்டும் பறவை மட்டுமே கணக்கில் சேரும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் தேன் பருந்துகளின் ராஜ்யம். குளவிக் கூட்டைக் குடைந்து புழு தின்னும் இவை ஒரே நாளில் பல்லாயிரக்கணக்கில் கடக்கும். பூனைப் பருந்துகளும் கூடவே வரும். கழுகுகளைப் பார்க்க விரும்புவோர் செப்டம்பர் கடைசிவரை பொறுக்க வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு? கல்யாண வீட்டில் கூட்டத்துக்குள் புகுந்து தலை எண்ணுவதைவிட வாசலில் நின்று எண்ணுவது சுலபம். பரந்த காட்டில் சிதறிக் கூடு கட்டும் பருந்தைத் தேடி எண்ண யாராலும் முடியாது. இந்த வாசலில் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிந்தால், வடக்கே காட்டிலோ தெற்கே ஆப்பிரிக்காவிலோ வழியிலோ ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள்.

வழியிலேயே கெடுவதும் உண்டு. மழைமேகம் மலையை மூடும் நாட்களில் பறவைகள் தாழ்ந்து கடலோரமாக வருகின்றன. ரசிகனுக்கு அது நல்ல நாள். துப்பாக்கிக்காரனுக்கும் அதுவே நல்ல நாள். சிலர் இறைச்சிக்காகச் சுடுகிறார்கள், சிலர் பொழுதுபோக்காக. வல்லூறைப் பிடித்துப் பழக்கிக் காடை வேட்டையாடி, பருவம் முடிந்ததும் பறக்கவிடும் பழைய வழக்கமும் இங்கே உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் கிராமத்தார் காதைப் பொத்திக்கொள்வார்கள். எண்ண வந்தவர்கள் அதைப் புரிந்துகொண்டு, கிராமத்து வீடுகளிலேயே வாடகைக்குத் தங்குகிறார்கள். பறவை பார்க்க வருபவர்களும் அப்படியே. பறந்து போகும் பருந்தாலும் வீட்டுக்கு வருமானம் என்றால், அதற்குக் காவலும் தானாகக் கிடைக்கும்.

இந்தியாவுக்கு இது புரியாத கதையல்ல. 2012ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகள் ஆயிரமாயிரமாக வலையில் மாட்டிச் செத்தன. செய்தி வெளியே தெரிந்து, பாங்டி முதலான கிராமங்கள் மனம் மாற, மறு ஆண்டே அந்தக் கொலை நின்றது. சட்டம் அதற்கு முன்பும் இருந்தது. ஊர் சம்மதித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.