நாளைக்கு என்ன பூக்கும்?

மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "காய்கறிச் செலவு எவ்வளவு மிச்சமாகுது?" என்பதுதான். ஒன்றும் மிச்சமாவதில்லை. தொட்டி, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பச்சை நிழல்வலை, மூங்கில் கழி, தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குக் கரண்ட் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கும் கத்தரிக்காய்தான் மலிவு.

நஞ்சில்லாத காய்கறி என்பது அடுத்து சொல்லப்படும் காரணம். அது உண்மை. மருந்து தெளிக்காத அரைக்கீரையைக் கிள்ளி, கழுவி, அப்படியே சட்டியில் போடுவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு குடும்பம் வாரம் முழுக்கச் சாப்பிடும் காயில் மாடியிலிருந்து வருவது சிறு பங்கு. மீதியை எல்லோரையும் போல நானும் கடையில்தான் வாங்குகிறேன். உடம்புக்கு நல்லது என்பார்கள். அதற்குக் காலையில் நாலு தெரு நடந்தாலே போதும்.

இந்தக் காரணங்களை நம்பி ஆரம்பித்தவர்கள் ஒரே கோடையில் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். விடாமல் செய்கிறவர்களை மாடிக்கு இழுத்துக்கொண்டு போவது வேறு ஒன்று. அது எனக்கு எப்படிப் பிடிபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். டிரங்கால் புக் செய்துவிட்டு மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பிறகு எஸ்.டி.டி. வந்தது, செல்போன் வந்தது, எங்கள் இணைப்புப் பலகைகள் போயின. கடைசி வருடங்களில் வாடிக்கையாளர் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டத்தில், 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 78,500 பேர் ஒரே நாளில் வேலையை விட்டு வந்தோம். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், பிரியாணி சாப்பிட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பிப்ரவரி நன்றாகவே போனது. தள்ளிப்போட்டிருந்த கோயில்கள், பார்க்காமல் விட்ட உறவுகள். மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு நேர்ந்ததை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இரவு படுக்கும்போது, நாளைக்கு விடிவதில் எனக்கு ஆவலே இருக்காது. சோறு தண்ணீருக்குக் குறை இல்லை. பென்ஷன் வந்தது. கணவர் அன்பானவர். மகன் பெங்களூரிலிருந்து தினமும் பேசினான். இதுதான் குறை என்று விரலால் தொட்டுக் காட்ட ஒன்றும் கிடையாது. துக்கமாக இருந்தால் அழுதாவது தீர்க்கலாம். இது துக்கமும் இல்லை. டூட்டி சார்ட் சுவரில் தொங்கிய வரையில் நாளை என்பதற்கு ஓர் உருவம் இருந்தது. நைட் டூட்டியா, பகல் டூட்டியா, யாரோடு டூட்டி, கேரியரில் என்ன கட்டுவது என்று. அது போன பிறகு எனக்கென்று வருவதற்கு எதுவும் பாக்கி இல்லை என்று தோன்றியது. வந்தால் கெட்ட செய்திதான் வரும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நாட்கள் வேறு.

பரணை ஒழிக்கும்போது ஒரு முற்றிய பீர்க்கங்காய் கிடைத்தது. லால்குடியிலிருந்து அக்கா எப்போதோ கொடுத்தது. "நாரை எடுத்து முதுகு தேய்ச்சுக்கடி. விதையைத் தூக்கி வீசிடாதே, நம்ம அம்மா கொல்லையில காய்ச்ச வித்து அது" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்தால் அதன் நுனியில் மூடி மாதிரி ஒரு துண்டு கழன்றுகொள்ளும். கொடியில் தொங்கும் காயிலிருந்து அந்த வாய் வழியாக விதை தானாகவே கீழே உதிரும். கையில் கொட்டிப் பார்த்தேன். தட்டையான, சொரசொரப்பான கறுப்பு விதைகள்.

சித்திரை வெயிலில் பீர்க்கன் போட மாட்டார்கள். ஆடிப்பட்டம் அல்லது தைப்பட்டம்தான் அதற்கு. அக்காவிடம் போனில் கேட்டேன். "ஆடி வரட்டும், என்ன அவசரம் உனக்கு?" என்றாள். எனக்கு அவசரமாகத்தான் இருந்தது. காலி பெயிண்ட் வாளியில் துளை போட்டு, பக்கத்தில் பாதியில் நின்ற கட்டடத்திலிருந்து செம்மண் கேட்டு வாங்கி, பால்காரர் கொடுத்த மக்கிய சாணியைக் கலந்து, மூன்று விதை ஊன்றினேன். ஒரு வாரத்தில் இரண்டு முளைத்தன.

மூன்றாம் வாரத்தில் கொடி கை நீட்டத் தொடங்கியது. பற்றுக்கம்பிகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? காலையில் நூல் மாதிரி நேராக நீண்டு காற்றில் எதையோ துழாவிக்கொண்டிருக்கும். மாலைக்குள் கயிற்றைத் தொட்டு இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். பிடி கிடைத்த பிறகு, பிடித்த இடத்துக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள பகுதி ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொண்டு கொடியைக் கயிற்றின் பக்கம் இழுக்கும். அந்தச் சுருளை உற்றுப் பாருங்கள்: பாதி வலமாகவும் பாதி இடமாகவும் சுற்றியிருக்கும், நடுவில் திசை மாறும். காற்று அடிக்கும்போது கொடி அறுந்துவிடாமல் விட்டுக்கொடுத்து மீள்வது இதனால்தான்.

சார்லஸ் டார்வின் இதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் படித்தபோது எனக்கு ஒரு சொந்தம் கிடைத்த மாதிரி இருந்தது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே அனுப்பிய விதைகளை முளைக்கவைத்து, உடம்பு சரியில்லாமல் அறைக்குள் கிடந்த காலத்தில், ஒரு கொடியின் நுனி சுற்றி வருவதைக் கவனித்து வந்தார். அதுவும் நம் பீர்க்கன், புடலை, பாகல் குடும்பத்துக் கொடிதான். அந்தக் கவனிப்பிலிருந்துதான் ஏறுகொடிகளின் அசைவைப் பற்றிய அவருடைய 1865ஆம் ஆண்டு ஆய்வுரை உருவானது. அவ்வளவு பெரிய அறிஞருக்கும் நோயில் கிடந்த பொழுதைக் கடத்த ஒரு கொடி வேண்டியிருந்திருக்கிறது.

பூ வந்தது. எல்லாமே ஆண்பூ. கொத்துக் கொத்தாக மொட்டு விட்டு, மாலை ஐந்து, ஆறு மணிக்கு மஞ்சளாக விரிந்து, மறுநாள் வதங்கி விழுந்தன. பந்தல் குடும்பத்துக் கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, ஆண்பூதான் முந்திக்கொள்ளும். வெயில் கடுமையாக இருந்தால் ஆண்பூ இன்னும் அதிகமாகும். திருச்சி வெயிலைச் சொல்லவா வேண்டும். தினமும் மாலை கணுக் கணுவாகத் தேடுவேன். ஒருநாள் இலைக் கக்கத்தில் தனியாக ஒரு மொட்டு. அதன் அடியில் விரல் நகம் அளவுக்கு, வரிவரியாக, குட்டிப் பீர்க்கங்காய். பெண்பூ என்றால் பிஞ்சோடுதான் பிறக்கும்.

பூசணிப்பூ விடிகாலையில் விரியும், தேனீ வரும். பீர்க்கன் அந்தி நேரத்தில் விரிவதால் அதற்கு வேண்டியது பெரும்பாலும் இரவுப் பூச்சிகள். எங்கள் மாடிக்கு அப்போது அவையும் வருவதாகத் தெரியவில்லை. மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடும். கையால் சேர்த்துவிடலாம் என்றாள் அக்கா. ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தம் அப்பிய நடுப்பாகத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும்.

"என்னங்க, டார்ச்சைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

"இப்படியா?"

"கீழே. அந்தக் காம்புக்கு நேரா. ஆட்டாதீங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகரந்தம் என் விரலெல்லாம் மஞ்சளாக ஒட்டியது. பெண்பூவின் நடுவில் இருந்த மடல்கள் லேசாகப் பிசுபிசுத்தன. தடவியதும் அங்கே ஒரு மஞ்சள் பூச்சு தெரிந்தது. வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே இறங்கி வந்து சாப்பிட்டோம். அன்றிரவு படுக்கும்போது, விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பிஞ்சைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடியே தூங்கினேன். வேலையை விட்ட பிறகு, நாளைக்கு விடியட்டும் என்று நான் விரும்பிப் படுத்த முதல் இரவு அதுதான்.

பிஞ்சு நின்றது. சில நாட்களில் விரல் நீளம், பிறகு சாண் நீளம். அந்தக் காயைத் துவையலும் கூட்டும் செய்து சாப்பிட்டோம், தோலைக்கூட வீணாக்கவில்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டியது காய் பறிப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

டிரங்கால் காலத்தில் காத்திருப்பு என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பிரசவச் செய்திக்கு, வேலை கிடைத்ததா என்ற செய்திக்கு, ஆஸ்பத்திரிச் செய்திக்கு என்று குரல்கள் லைனில் காத்துக்கொண்டிருக்கும். வயதாக ஆக நமக்குப் பின்னது மட்டும் மிஞ்சுகிறது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும், இன்னார் எப்படி இருக்கிறார் என்ற தகவலுக்கும் காத்திருக்கிறோம். நல்லது ஒன்றுக்காகக் காத்திருப்பது சின்ன வயதோடு போய்விடுகிறது. தோட்டம் அதைத் திருப்பித் தருகிறது. அதுவும் ஒரே செடியில் பல தடவை. முளைக்குமா, பிடிக்குமா, பூக்குமா, நிற்குமா என்று அடுத்தடுத்து ஒன்று இருந்துகொண்டே இருக்கும். விடாமல் செடி வளர்க்கிற பத்துப் பேரிடம் கேளுங்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் மாடிக்கோ கொல்லைக்கோ ஒரு நடை போய் வருவதாகச் சொல்வார்கள். ராத்திரி என்ன நடந்தது என்று பார்த்தே ஆக வேண்டும் அவர்களுக்கு.

இதை விஞ்ஞானமும் தன் வழியில் தொட்டிருக்கிறது. 2011இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் மனதை நெருக்கும் ஒரு வேலை கொடுத்து, பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும், மீதிப் பேரைப் புத்தகம் படிக்கவும் அனுப்பினார்கள். மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரு சாராருக்கும் குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. நான் நம்புகிறேன். ஆனால் அந்த அரை மணியின் அமைதியைத்தான் அது அளக்கிறது. அடுத்த நாள் மறுபடி படி ஏறவைப்பதை எந்த ரத்தப் பரிசோதனையில் அளப்பது?

ஏமாற்றமும் உண்டு. டிரம்மில் வைத்த பப்பாளியில் ஒரு வருடம் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொண்டது. அப்போதுதான் வேளாண் துறையில் இருந்த உறவினர் ஒருவர் அந்தப் பூச்சியின் கதையைச் சொன்னார். மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சி அது. 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டு விவசாயிகளை வாட்டியது. 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து பெருக்கி வயல்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி; மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். "மருந்து அடிச்சா குளவியும் செத்துப்போகும். தண்ணியை வேகமா அடிங்க, எறும்பை ஏறவிடாதீங்க" என்றார். எறும்புகள் மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக அதற்குக் காவல் நிற்கும். அவர் சொன்னபடி செய்தேன். சில வாரங்களில் வெள்ளை குறைந்து, புது இலைகள் சுத்தமாக வந்தன. அந்த வாரங்களிலும் மாடிக்குப் போவதில் எனக்குச் சலிப்பு வரவில்லை. பயத்தோடு போனேன், ஆனாலும் போனேன். இலைக்கு அடியில் நடப்பது தெரிந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறைக்கு முளைப்பாரி எடுத்து வருவார்கள். சின்னத் தொட்டியில் நவதானியத்தை முளைக்கவைத்து, வெளிறிய பச்சையில் நிற்கும் அந்த முளைகளைத் தலையில் சுமந்து வந்து காவிரியில் விடுவார்கள். யாரும் அதிலிருந்து விளைச்சல் எடுப்பதில்லை. முளைத்து வந்தது என்பதற்கே ஒரு திருவிழா. நம் பெண்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்க, நாம் மாடித்தோட்டத்தில் எத்தனை கிலோ காய்த்தது என்று கணக்குக் கேட்கிறோம்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் யாராவது ஓய்வு பெறுகிறார்கள் என்றால், சால்வையோடு கொஞ்சம் பீர்க்கன் விதையும் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஒரு தொட்டியில் மண் நிரப்பி, மாடியில் நாலு கயிறு இழுத்துக் கட்டிவிட்டு வாருங்கள். வயதானவர்கள் வாளி தூக்கி மேலே ஏறக் கூடாது. மாடிக் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் பைப் போட்டுக் கொடுங்கள். ஆடிப்பட்டத்தில் ஊன்றினால் இரண்டு மாதத்தில் முதல் காய் வரும். போனில் பேசும்போது "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், பெண்பூ வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். விதை கிடைக்கவில்லை என்றால் ஊரில் உள்ள சொந்தக்காரர்களிடம் கொடியிலேயே முற்றவிட்ட காய் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு காயில் தெருவுக்கே போதுமான விதை இருக்கும்.