எட்டு மணி மாத்திரை

கம்பெனியில் என் வேலைகளில் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை எடுத்து வேறொரு சர்வரில் ஏற்றி, எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது. மீட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். அதே நான், பாளையங்கோட்டையில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் பேக்கப்பை ஒருமுறைகூட மீட்டுப் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் மொத்தம் 19 சாதனங்கள். அசைவு சென்சர் ஆறு, கதவு சென்சர் நாலு, ஸ்மார்ட் பிளக் ஐந்து, பல்பு நாலு. எல்லாம் ஜிக்பீ. டிவிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை, அதில் ஹோம் அசிஸ்டன்ட் ஓடும். அதன் யுஎஸ்பியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு ஸ்டிக். அதுதான் கோஆர்டினேட்டர், மற்ற எல்லாவற்றுக்கும் தலைக்கட்டு. எல்லாமே அப்பாவுக்காக ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் பாத்ரூமுக்கு எழுந்தால் நடையில் விளக்கு தானாக எரியும். எட்டு மணிக்கு ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர் தன் மெஷின் தமிழில், "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும். முதல் வாரம் அப்பா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் திட்ட ஆரம்பித்தார். ஆனால் மாத்திரையைப் போட்டுவிடுவார்.

ஜூனில் அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்து அந்த எட்டு மணிக் கேள்வியை அழித்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா எங்களோடு வர மாட்டேன் என்றுவிட்டாள். தங்கச்சி கேமரா வைக்கச் சொன்னாள். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "கேமரா வச்சா எங்க வீட்டுக்குள்ள நான் எப்பிடிய்யா இருக்க? மூஞ்சியக் கழுவி பொட்டு வச்சிட்டுத்தான் அடுப்படிக்குப் போணும்போல." அதனால் இருந்த சென்சர்களை வைத்தே ஒரு விதி எழுதினேன். காலை ஏழரைக்குள் அடுப்படியில் அசைவு இல்லையென்றால் எனக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் மெசேஜ் வரும். எழுதி முடித்தபோது பெருமையாக இருந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் நான் தினமும் அம்மாவுக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தேன். சென்சர் வந்த பிறகு ஞாயிறு மட்டும். மெசேஜ் வரவில்லை என்றால் அம்மா எழுந்து காப்பி போட்டுவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் எதற்கு போன்?

நவம்பரில் ஒரு செவ்வாய் ராத்திரி பாளையங்கோட்டையில் நல்ல மழை, இடி. புதன்கிழமை எனக்கு மெசேஜ் வரவில்லை. வியாழன், வெள்ளி, சனியும் வரவில்லை. ஞாயிறு வழக்கம்போல போன் பண்ணினேன். அம்மா குரல் கம்மியிருந்தது. வியாழனும் வெள்ளியும் காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லையாம். சனிக்கிழமை எதிர்வீட்டு அக்கா தற்செயலாக வந்து பார்த்து, டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள்.

"ஏம்மா எனக்கு ஒரு போன் பண்ணலை?"

"நீதான் அதுல பாத்துட்டு இருப்பியேய்யா. வேலையா இருக்க, அதான் கூப்பிடலன்னு நெனச்சேன்."

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் அம்மா அடுப்படிப் பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கூப்பிடவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்தும் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். இடியில் ராஸ்பெரி பை, ஸ்டிக், எஸ்டி கார்டு மூன்றும் போய்விட்டன. அசைவு இல்லை என்று சொல்ல வேண்டிய பெட்டியே செத்துப்போனால் அதை யார் சொல்வது? வீடு நலமாக இருந்தாலும் மௌனம்தான், பெட்டி செத்தாலும் மௌனம்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கோடு எழுதியவன் நான். தினமும் பேக்கப் எடுத்ததாகப் பச்சை டிக் விழுந்துகொண்டுதான் இருந்தது. எடுத்த பேக்கப் எல்லாம் அதே எஸ்டி கார்டில் இருந்தன. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதியை நானே வகுப்பில் சொல்வேன்: மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். என் லேப்டாப்பில் இருந்தது ஒரே ஒரு பிரதி. மார்ச் மாதத்தில் எடுத்தது.

புது பை, புது ஸ்டிக், அந்த மார்ச் மாதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அன்று ராத்திரியே பஸ் ஏறினேன்.

ஜிக்பீயில் பழைய கோப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு வலைக்கும் 128 பிட்டில் ஒரு ரகசியச் சாவி உண்டு. அந்தச் சாவியும், 11இலிருந்து 26 வரை உள்ளதில் அதே சேனலும், பழைய ஸ்டிக்கின் முகவரியும் புது ஸ்டிக்கில் ஏறினால்தான் சென்சர்கள் அதைப் பழைய தலைக்கட்டு என்று நம்பும். அது போதாதென்று ஒரு எண்ணிக்கையும் இருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண், அது ஏறிக்கொண்டே போகும். கடைசியாகக் கேட்ட எண்ணைவிடக் குறைவான எண்ணோடு செய்தி வந்தால், யாரோ பழைய செய்தியைத் திருடித் திரும்ப அனுப்புகிறார்கள் என்று சாதனம் அதைத் தள்ளிவிடும். என் கோப்பில் இருந்தது மார்ச் மாத எண். சென்சர்கள் நவம்பர்வரை கேட்டிருந்தன. சாவி சரி, முகவரி சரி, ஆனால் எதுவும் காது கொடுக்கவில்லை. கோப்பைத் திறந்து அந்த எண்ணைக் கையால் பல லட்சம் தூக்கி வைத்து மறுபடி ஏற்றினேன். முதலில் நடை விளக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக 17 வந்தன. ஜூலையில் வாங்கிய இரண்டு சென்சர்களை மார்ச்சுக்குத் தெரியாது. அவற்றின் பொத்தானை அழுத்திப் பிடித்துப் புதிதாகச் சேர்த்தேன்.

அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உப்பு கூட என்றாள்.

களைப்பில் நான் யோசிக்காமல் விட்டது ஒன்று. அந்தக் கோப்பில் அம்மாவுக்காக எழுதிய விதி ஒன்றுகூட இல்லை. மார்ச்சில் அதற்குத் தேவையே இல்லை. சரியாக எட்டு மணிக்கு ஹாலில் ஸ்பீக்கர் கேட்டது:

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

நான் தரையில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை இழுத்து, "இதோ எடுத்துர்றேம்மா, பழசு வந்துட்டு" என்றேன். கை நடுங்கியதில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன்.

"கெடக்கட்டும்யா" என்றாள். "எனக்கும் எட்டு மணிக்குத்தான பிரஷர் மாத்திரை."

"பேரையாவது மாத்துறேன். அம்மான்னு வைக்கேன்."

"வேண்டாம். அப்பிடியே கெடக்கட்டும்."

ஊருக்குத் திரும்பும் முன் ஏழரை மணி விதியைத் திரும்ப எழுதினேன். கூடவே அதைத் தலைகீழாகவும் ஒன்று எழுதினேன். இப்போது தினமும் காலையில் அந்தப் பெட்டி 'உயிரோடு இருக்கேன்' என்று வெளியில் இருக்கும் ஒரு சர்வருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த சர்வர் என்னை எழுப்பும். பேக்கப் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்று தங்கச்சி வீட்டில். டிசம்பரில் ஒரு உபரி ஸ்டிக்கில் மீட்டும் பார்த்துவிட்டேன். ரிப்போர்ட் மட்டும் எழுதவில்லை.

இதெல்லாம் சரியாகவே ஓடுகிறது. ஆனாலும் தினமும் எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவுக்கு போன் பண்ணுகிறேன். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. என்ன சாப்பிட்ட, மழை உண்டா, எதிர்வீட்டு அக்கா மருமகள் வந்தாளா. பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தக் குரல் கேட்கும். அம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொல்வாள்:

"இந்தா போடுதேன், போடுதேன்."