மகஜரும் வீடியோவும்

வழக்கோடு வருபவரிடம் இப்போதெல்லாம், என்ன நடந்தது என்பதற்கு முன்னால் என்றைக்கு நடந்தது என்று கேட்கிறேன். 2024 ஜூலை 1-க்கு முந்திய சம்பவம் என்றால் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர் போன வழக்கில் பழைய 304ஏ-யின்படி அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. புதிய 106(1)-இன்படி 5 ஆண்டு. குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைத் தாண்டி யாரையும் தண்டிக்க அரசமைப்பு இடம் தராது. அதனால் இரண்டு சட்டங்களும் இன்னும் பல காலம் ஒரே கோர்ட்டில் ஓடும்.

எண்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கொலைக்கு 302 போய் 103 வந்தது. மோசடிக்கு 420 போய் 318(4). குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஊருக்கே தெரிந்த 144 இப்போது ஜீவனாம்சப் பிரிவு; தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. இதெல்லாம் பழகிவிடும்.

பெரிய மாற்றம், பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் இருக்கிறது. திருட்டு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரி வாக்குமூலம் கொடுத்தார், வீட்டுப் பரணைக் காட்டினார், நகையை எடுத்துக் கொடுத்தார் என்று மகஜர் சொல்லும். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். குறுக்கு விசாரணையில் சின்னச் சின்னக் கேள்விகளாகத்தான் போவோம். எந்த வண்டியில் போனீர்கள்? வீட்டில் அப்போது யார் இருந்தார்கள்? மகஜரை எழுதியது யார், எங்கே உட்கார்ந்து எழுதினார்? ஒருவர் திண்ணை என்பார், இன்னொருவர் ஜீப் என்பார். ஸ்டேஷனில் எழுதிய மகஜர் அங்கேதான் பிடிபடும்.

இப்போது பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது வரை, வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே நான் முதலில் கேட்பது வீடியோவை. கிடைத்தால், அது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பேன்: பரணில் கை வைப்பதற்கு முன்பா, நகை கைக்கு வந்த பிறகா? நடுவில் வெட்டு உண்டா? ஹேஷ் மதிப்போடு சான்றிதழ் இருக்கிறதா? நேர்மையாக வேலை செய்யும் காவலருக்கும் இது பாதுகாப்பு. மனதார வரவேற்கிறேன். ஆனால் வக்கீல் கேட்காவிட்டால் பல நேரம் வீடியோ பேச்சே எழாது.

அதே சட்டத்தின் 187-ஆவது பிரிவை என்னால் ஏற்க முடியவில்லை. போலீஸ் கஸ்டடி முன்பு முதல் 15 நாளுக்குள் முடிந்துவிடும். இப்போது அதே 15 நாளை, வழக்கைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். சிறைக்குப் போன பிறகும் மறுபடி ஸ்டேஷனுக்கு இழுப்பார்களோ என்ற பயம் ஒருவரை என்ன செய்யும் என்பதை மனு பார்க்கப் போகும் எந்த வக்கீலும் அறிவார். இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும்.

479-ஆவது பிரிவு நல்லது, ஆனால் தானாக நடப்பதில்லை. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கும் இது பொருந்தாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உங்கள் வீட்டுப் பிள்ளை விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தால், இன்றே நாட்களைக் கூட்டிப் பாருங்கள். கணக்கு எட்டியிருந்தால், வக்கீல் வைக்க வசதியில்லை என்று சும்மா இருக்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.