வளைக்குள் ஒரு களஞ்சியம்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காணச் செல்வோர், வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் பார்த்துத் திரும்புவர். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருப்பதும் அவ்வளாகத்திலேதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வாணிபம் தடைப்பட்டு, பிழைப்பிழந்த மக்களுக்காக 1978இல் தோன்றியது அது. பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகின்றனர்.

பாம்பைத் தேடுவோர்க்கு எலியின் இருப்பிடம் அத்துபடி. எங்களை ஈர்த்ததும் அதுவே. வரப்பில் புதுமண்ணால் வாய் அடைபட்ட வளையைக் கண்டால், உள்ளே வரப்பெலி உண்டென அறிவர். வளை கிளைகிளையாகப் பிரியும். ஓர் அறையில் குட்டிகள், வேறோர் அறையில் நெற்கதிர்கள். துளையிட்ட மண்பானையில் வைக்கோலை மூட்டி, வாயால் ஊதிப் புகையை உட்செலுத்துவர். எலியும் கிடைக்கும், அது பதுக்கிய நெல்லும் கிடைக்கும். (எத்தனை வீட்டு உலை அந்நெல்லால் கொதித்ததோ!) நஞ்சு வைத்தாலோ நெல் மண்ணில் மட்கும், செத்த எலியைத் தின்ற ஆந்தையும் மடியும்.

அசர் வேளையில் இருளர் முதியவர் ஒருவர், மணல்மேட்டில் வெள்ளெலி வளையொன்றைக் காட்டினார். அடுத்த மேட்டில் மனைக்கற்கள் நடப்பட்டிருந்தன. அங்கு வளை இல்லையா என்று என் மகள் வினவினாள்.

“இருந்துச்சும்மா. மண்ணு கொட்டி மூடிட்டாங்க” என்றார்.